லுவா சோறு போடுமா? தேவகோட்டை ஆச்சிக்கு ஒரு பதில்

ஆச்சி, தம்பி டிப்ளமோ கம்ப்யூட்டர் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், ராத்திரியெல்லாம் கேமுக்கு லுவா என்ற புரோகிராமிங் மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறான், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். லுவாவை மட்டும் நம்பினால் வேலை குறைவுதான். ஆனால் 1993-இல் ரியோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்த இந்தக் குட்டி மொழி, பெரிய மென்பொருள்களுக்குள் குடியிருப்பதற்கென்றே வளர்ந்தது. ரெடிஸ் (டேட்டாபேஸ்), வயர்ஷார்க் (நெட்வொர்க்கை ஆராய்வது), நியோவிம் (கோடு எழுதும் எடிட்டர்) எல்லாவற்றிலும் இருக்கிறது. ஓடும் புரோகிராமுக்குள் வெளியிலிருந்து வரும் கோடை (code, நிரல்) ஏற்றிப் பத்திரமாக ஓட்டத் தெரிந்த பையன் நேர்காணலில் தனியாகத் தெரிவான்.

இனி வருவதைத் தம்பியிடம் காட்டுங்கள்.

தம்பி, காரைக்குடிப் பலகாரக் கடை ஒன்றுக்குப் பில்லிங் புரோகிராம் எழுது. தள்ளுபடி விதிகள் மட்டும் தனி லுவா கோப்பில் இருக்கட்டும். தீபாவளிக்குத் தேன்குழல் விலை மாறினால், கவுண்டரை நிறுத்தாமலே புது விதி ஏற வேண்டும்.

அந்தக் கோப்பின் கோடை ஏற்ற லுவாவில் இருப்பது 'லோட்' (load). அது கோடை ஓட்டாது. அதை ஒரு ஃபங்ஷனாக்கித் தரும், அவ்வளவுதான். இலக்கணப் பிழை இருந்தால் ஃபங்ஷனுக்குப் பதில் 'நில்' (nil, ஒன்றுமில்லை என்ற மதிப்பு) வரும், கூடவே இரண்டாவது விடையாகப் பிழைச் செய்தியும் வரும். பலர் அதைப் பார்க்காமல் உடனே அழைத்துவிட்டு, 'நில்லை அழைக்க முடியாது' என்ற பிழையோடு மல்லாடுகிறார்கள். இரண்டாவது விடையை எப்போதும் வாங்கிப் பார். ஓடும்போது வரும் பிழையைப் புரோகிராம் நிற்காமல் பிடிக்க 'பிகால்' (pcall) வேண்டும்.

அடுத்த சறுக்கல்: உன் புரோகிராமின் லோக்கல் மாறிகள் ஏற்றிய கோடுக்குத் தெரியாது. பில் தொகையை ஆர்கியுமென்டாகக் கொடு; கோப்பு அதை மூன்று புள்ளியில் (...) வாங்கிக்கொள்ளும்.

லுவா 5.2 பதிப்பு முதல் லோடுக்கு நான்கு ஆர்கியுமென்ட்: கோடு, பிழைச் செய்தியில் வர வேண்டிய பெயர், எந்த வகைக் கோடை ஏற்கலாம் என்ற மோடு, ஏற்றிய கோடு எந்தெந்தப் பெயர்களைப் பார்க்கலாம் என்ற சூழல் டேபிள். மோடில் 't' (டெக்ஸ்ட் மட்டும்) போடு. பைட்கோடை (முன்பே கம்பைல் செய்த கோடு) அனுமதித்தால், வேண்டுமென்றே கெடுத்த கோப்பு இன்டர்பிரெட்டரையே கவிழ்த்துவிடும். சூழல் டேபிளில் விதிக்குத் தேவையான ஃபங்ஷன்களை மட்டும் வை. கணினியையும் கோப்புகளையும் தொடும் 'ஓஎஸ்' (os), 'ஐஓ' (io) வேண்டாம். அப்படியும் ஓட்டை உண்டு. காலி டேபிள் கொடுத்தாலும் எந்த ஸ்ட்ரிங்கிலிருந்தும், அதையே பலமுறை ஒட்டித் தரும் 'ரெப்' (rep) மெத்தடை அழைத்து மெமரியை நிரப்பிவிடலாம், ஏனென்றால் மெத்தட்களைத் தேடித் தரும் மெட்டாடேபிள் எல்லா ஸ்ட்ரிங்குக்கும் பொதுவானது. முடிவில்லாத லூப்பை பிகால் நிறுத்தாது, 'டிபக்.செட்ஹுக்'கில் (debug.sethook) இன்ஸ்ட்ரக்ஷன் எண்ணிக்கைக்கு வரம்பு வை. இந்த இரண்டையும் நேர்காணலில் நீயாகச் சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

லுவா 5.1-இல் ஸ்ட்ரிங்கிலிருந்து கோடை ஏற்ற 'லோட்ஸ்ட்ரிங்' (loadstring), சூழலை மாற்ற 'செட்எஃப்என்வி' (setfenv). இணையத்தில் கிடைக்கும் பழைய கோடு 5.4-இல் ஓடாததற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். ராப்லாக்ஸ் கேம் தளத்திலோ லோட்ஸ்ட்ரிங் முதலில் அணைத்தே இருக்கும். சர்வரில் மட்டும்தான் திறக்க முடியும்.

கோப்பை மாற்றியும் பழைய விதியே ஓடுகிறதா? கோப்பை 'ரிக்வயர்' (require) மூலம் ஏற்றியிருந்தால், அது ஒருமுறை ஏற்றியதை 'பேக்கேஜ்.லோடட்' (package.loaded) டேபிளில் வைத்துக்கொள்ளும். அந்தப் பெயருக்கு நில் போட்டு மறுபடி அழை. முன்பே வேறு மாறியில் பிடித்துவைத்த பழைய டேபிள் மட்டும் அப்படியேதான் இருக்கும்.

ஆச்சி, இது ஓடியபின் இதே வேலையை சி மொழியிலிருந்து லுவாவை அழைத்துச் செய்யச் சொல்லுங்கள். எம்பெடட் (கருவிகளுக்குள் இருக்கும் மென்பொருள்) பக்கம் வேலைக்கு சி கட்டாயம். டிப்ளமோ முடித்தால் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. கேமை நிறுத்தச் சொல்லாதீர்கள், பில்லிங் புரோகிராம் முடியும்வரை இரவு பத்து மணிக்குமேல் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.