புளித்ததெல்லாம் குடலுக்கு நல்லதா? கேள்வி பதில்

இட்லி மாவு, கூழ், பழைய சோறு, ஊறுகாய், கொரியர்களின் புளித்த காய்கறியான கிம்ச்சி, சோயாவில் பூஞ்சை வளர்த்துப் புளிக்க வைக்கும் இந்தோனேசியத் தெம்பே என்று தானியம், பருப்பு, காய்கறியிலிருந்து புளித்து வரும் எதைப் பற்றியும் கேளுங்கள். உணவு நுண்ணுயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் அல்ல, நோய்க்கு வழி கேட்டால் மருத்துவரிடம்தான் அனுப்புவேன். தயிர், மோர் இன்று வேண்டாம்.

தஞ்சாவூர்க்காரர்: மேடம், இட்லி ஒரு புரோபயாடிக் உணவு, கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியா இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

மாவில் இருக்கிறது. இட்லியில் இல்லை.

உளுந்தை ஊறவைக்கும்போதே அதனோடு வந்த பாக்டீரியாக்கள் பெருகத் தொடங்கிவிடும். முக்கியமானது லியூகோனோஸ்டாக் மீசென்டிராய்டிஸ். இது லாக்டிக் அமிலத்தையும் உண்டாக்கும், கரியமில வாயுவையும் விடும். அந்த வாயு தப்பி ஓடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் அதிலுள்ள கொழகொழப்பும். அதனால்தான் வெறும் அரிசி மாவு புளித்தாலும் அப்படிப் பொங்குவதில்லை. இந்த மாவைத் தட்டில் ஊற்றிப் பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் பாக்டீரியாக்களின் கதை முடிந்தது.

அதற்காக இட்லி வீண் என்று அர்த்தமில்லை. அவை செத்தாலும் செய்துவைத்த வேலை மிச்சம் இருக்கும். பருப்பில் வாயுத் தொல்லை தரும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரையைக் கொஞ்சம் தின்று தீர்த்திருக்கும். இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு விடாத ஃபைடிக் அமிலம் குறைந்திருக்கும். காய்ச்சல்காரருக்கு முதலில் இட்லி கொடுப்பது சும்மா இல்லை.

ஆனால் புரோபயாடிக் என்ற சொல்லுக்கு 2001-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் வகுத்த இலக்கணம் இருக்கிறது: உயிரோடு இருக்க வேண்டும், போதுமான அளவில் உள்ளே போக வேண்டும், உடலுக்கு நன்மை தர வேண்டும். இட்லி முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. யார் எந்தப் புளித்த உணவைச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அடுப்புக்கு முன்னால் புளித்ததா, பின்னால் புளித்ததா? முன்னால் என்றால் இட்லி, தோசை, ஆப்பம். பின்னால் என்றால் பழைய சோறு, கூழ். அடுப்பையே பார்க்காதது கிம்ச்சி. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

மதுரைவாசி: கையால் கரைத்தால்தான் மாவு புளிக்கும் என்பது நிஜமா?

கரண்டியால் கரைத்தாலும் புளிக்கும். பாக்டீரியா உளுந்தோடு வருகிறது. கையால் கரைத்தால் உப்பு சீராகக் கலக்கும், அவ்வளவுதான். கையைக் கழுவிவிட்டுக் கரையுங்கள்.

டொரண்டோவிலிருந்து: அக்கா, குளிர்காலத்தில் மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. கொஞ்சம் சோடா போடட்டுமா?

சோடா போட்டால் பொங்கும், புளிக்காது. இரண்டும் வேறு வேறு. சோடா காரம் பி1 வைட்டமினையும் கெடுக்கும். 28, 30 டிகிரி வெப்பம் கிடைக்கும் இடமாகப் பாருங்கள். ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு மாவை வைத்தால் போதும், ஓவனை மூட்டிவிடாதீர்கள். உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறட்டும். அப்போதும் பொங்கவில்லையென்றால் உளுந்து பழசு.

சிவகங்கைக்காரர்: 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இருக்கும் இரும்புச் சத்து, 12 மணி நேரம் தண்ணீரில் ஊறினால் 73.91 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் விளக்குங்களேன்.

வந்துவிட்டதா! இந்த எண் என் குடும்ப வாட்ஸாப் குழுவில் பொங்கலுக்குப் பொங்கல் வருகிறது.

இரும்பு ஒரு தனிமம். நட்சத்திரத்துக்குள் உண்டாவது, மண்சட்டிக்குள் உண்டாகாது. பாக்டீரியா வைட்டமின் செய்யும், அமிலம் செய்யும், இரும்பு செய்யாது. சோற்றில் 3.4 இருந்தால் மறுநாள் காலையிலும் அரிசியின் பங்கு 3.4-தான். மீதி எழுபது வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும்: பாத்திரம், தண்ணீர், அல்லது அளந்த விதத்தில் பிழை. சொல்லப்போனால் அந்த 3.4-ம் அதிகம்தான். வெந்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது.

அதே சிவகங்கைக்காரர்: பல்கலைக்கழக ஆராய்ச்சி என்று போட்டிருக்கிறதே! அதையும் நம்ப மாட்டேன் என்றால் எப்படி?

சரி, நம்பிப் பார்ப்போம். நம் நாட்டின் 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு போதும், பெண்ணுக்கு 29. பெரியவர்கள் 45-ஐத் தாண்ட வேண்டாம் என்பது வரம்பு. ஒரு கும்பா பழைய சோறு 300 கிராமாவது இருக்கும். உங்கள் கணக்குப்படி 220 மில்லிகிராமுக்கு மேல். தினமும் அப்படிப் போனால் வயிறு புரட்டி ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். வயலுக்குப் போனவர்கள் யாரும் அப்படிப் போகவில்லை. எண் தப்பு.

தேனிக்காரர்: என் அப்பத்தா பழைய சோறு மட்டும் தின்று தொண்ணூறு வயது வரை இருந்தார். அந்தக் காலத்தில் ரத்தசோகையே கிடையாது. கிம்ச்சி என்றால் தலையில் வைத்து ஆடுகிறீர்கள், நம்முடையது என்றால் மட்டம் தட்டுகிறீர்கள்.

ரத்தசோகை இருந்தது, ரத்தத்தை அளந்து பார்க்க ஆள்தான் இல்லை. பிரசவத்தில் போனவர்களைப் பற்றி உங்கள் அப்பத்தாவிடமே கேட்டிருக்கலாம்.

கிம்ச்சியை நான் தலையில் வைத்து ஆடவும் இல்லை. ஆசிய முறையில் உப்பிட்டு ஊறவைத்த காய்கறிகளை, புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று 2பி பிரிவில் வைத்திருக்கிறது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை. உறுதியான குற்றச்சாட்டு அல்ல, சந்தேகப் பட்டியல். ஆனாலும் பட்டியலில் இருக்கிறது. கொரியாவில் அதற்கென்றே ஆராய்ச்சி நிறுவனம் நடத்துகிறார்கள், உப்பைக் குறைப்பது எப்படி என்று மூளையைக் கசக்குகிறார்கள். நாம் 73.91-ஐ முன்னோக்கி அனுப்பிக்கொண்டு இருக்கிறோம். பழைய சோற்றை மட்டம் தட்டுவது நானா, அதற்குப் பொய்க்கணக்கு எழுதுகிறவர்களா?

வேதியியல் மாணவி: மேடம், இரும்பின் அளவு கூடாது, சரி. ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ளும் பங்கு கூடலாம் இல்லையா?

இது கேள்வி! கூடலாம். தானியத்தில் இரும்பு ஃபைடிக் அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. புளிக்கும்போது அமிலத்தன்மை ஏற, தானியத்திலும் பாக்டீரியாவிலும் உள்ள ஃபைடேஸ் நொதி வேலை செய்ய ஆரம்பித்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. இன்னொன்றையும் பாருங்கள்: தீட்டிய வெள்ளை அரிசியில் ஃபைடிக் அமிலமே குறைவு, தவிட்டோடு போய்விட்டது; இரும்பும் போய்விட்டது. வேகவைத்ததில் அரிசியின் சொந்த நொதியும் செயலிழந்துவிடும். ஆகவே இந்த லாபம் பழைய சோற்றில் சொற்பம். மாவாகவே புளிக்கும் கேழ்வரகிலும் கம்பிலும்தான் அதிகம்.

தொட்டுக்கொள்ளும் சின்ன வெங்காயத்தைக் குறைத்து எடைபோடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் சேர்ந்தால் தானியம், பருப்பிலிருந்து இரும்பும் துத்தநாகமும் கூடுதலாக விடுபடுகின்றன என்று மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) ஆய்வாளர்கள் 2010-ல் காட்டினார்கள். ஆய்வகக் குடுவையில் பார்த்தது, மனிதர்களிடம் அல்ல. இருந்தாலும் கடித்துக்கொள்ளுங்கள்.

மெல்போர்னில் செவிலியராக இருப்பவர்: இரவு முழுக்க வெளியே வைத்த சோறு விஷம் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்கிறார்கள். பழைய சோறு மட்டும் எப்படி?

உங்கள் பயிற்சியில் சொல்வது சரி. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு கொதித்தாலும் சாகாது. வெதுவெதுப்பான சோறு மணிக்கணக்கில் பானையில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். தின்ற ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினால் போகாது.

பழைய சோற்றில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு தண்ணீரைப் புளிக்க வைக்கின்றன. புளிப்பில் மற்றது வளரத் திணறும். அதாவது இது ஒரு ஓட்டப் பந்தயம், யார் முந்துவார்கள் என்பது உங்கள் கையில். வடித்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். ஆறியதும், ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், சோறு முழுகிக் கூடுதலாக நாலு விரல் நிற்கும்படி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். மூடி, காலையில் சாப்பிட்டுவிடுங்கள். மத்தியானச் சோறு மிச்சமாகி, ராத்திரி பத்து மணிக்கு ஞாபகம் வந்து தண்ணீர் ஊற்றுவது பழைய சோறு அல்ல, கெட்டுப்போன சோறு. நொழுநொழுவென்று நூல் விட்டாலும், நாற்றம் வந்தாலும் கொட்டிவிடுங்கள். புளித்ததை ஈயம் பூசாத பித்தளையில் வைக்காதீர்கள்.

ஈரோட்டுக்காரர்: சர்க்கரை நோயாளிக்குப் பழைய சோறு நல்லதாமே?

ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகையாக இறுகுகிறது. அது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. மற்றபடி அது சோறுதான். எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரும் குளுக்கோமீட்டரும் சொல்லட்டும்.

நெல்லைக்காரர்: ஊறுகாய் தினமும் சாப்பிடுகிறேன். குடலுக்கு அதுவே போதுமா?

ஆவக்காயும் எலுமிச்சையும் கெடாமல் இருப்பது உப்பாலும் எண்ணெயாலும் காயின் சொந்தப் புளிப்பாலும். அவ்வளவு உப்பில் லாக்டிக் பாக்டீரியாவுக்குப் பெரிய வேலை இல்லை. உப்பு நீரில் ஊறும் மாவடு கொஞ்சம் புளிக்கும். ஆனால் ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதை ஊறுகாயிலேயே தீர்த்துவிட்டால் குழம்புக்கு என்ன செய்வீர்கள்?

நிஜமாகவே உயிருள்ள காய் வேண்டுமென்றால் முட்டைக்கோஸ். ஒரு கிலோவை மெல்லிசாக நறுக்கி, 20 முதல் 25 கிராம் உப்புப் போட்டுப் பிசையுங்கள். எலக்ட்ரானிக் தராசில் நிறுங்கள், கண்ணளவு வேண்டாம். கால் மணி நேரத்தில் பிழிந்தால் சொட்டும் அளவுக்குத் தண்ணீர் விடும். கண்ணாடி ஜாடியில் அழுத்தி அடைத்து, காய் அந்தத் தண்ணீருக்குள்ளேயே முழுகி இருக்க மேலே கனம் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு வெளியேற வேண்டும். மறுநாளே ஓரத்தில் குமிழி ஏறும். முதலில் வேலை செய்வது அதே லியூகோனோஸ்டாக். புளிப்பு ஏறியதும் அது ஒதுங்கி பிளான்டாரம் மாதிரி புளிப்பு தாங்கும் வகை வரும். நம் ஊர் வெயிலில் நாலைந்து நாளில் புளித்துவிடும், அப்புறம் ஃபிரிட்ஜ். எண்ணெய், வினிகர் எதுவும் வேண்டாம். வினிகர் ஊற்றிய காய் புளிப்பாக இருக்கும், ஆனால் புளித்தது அல்ல.

சென்னையிலிருந்து: மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாமா?

மெல்லிய வெள்ளை ஏடு என்றால் பெரும்பாலும் ஈஸ்ட், ஆபத்து குறைவு. பஞ்சு மாதிரி, பச்சை, கறுப்பு, ரோஜா நிறம் என்றால் ஜாடியோடு கொட்டுங்கள். சூடு பண்ணினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்.

தயிர் பற்றி ஒரு கேள்வி...

தயிர் எந்தச் செடியில் காய்க்கிறது?

கிள்ளானிலிருந்து: வீட்டில் தெம்பே செய்கிறேன். சோயாவோடு தேங்காய்த் துருவல் சேர்க்கலாமா, மேடம்?

வேண்டவே வேண்டாம். ஜாவாவில் தேங்காய்ப் பிண்ணாக்கில் செய்த தெம்பே பொங்கரெக் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. இந்தோனேசியா 1988-ல் தடையே செய்தது. பர்க்ஹோல்டேரியா என்ற பாக்டீரியா புகுந்தால் பொங்கரெகிக் அமிலம் என்ற நஞ்சு உண்டாகும். மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. 2020-ல் சீனாவில் புளித்த சோள மாவு நூடுல்ஸ் தின்று ஒரே விருந்தில் ஒன்பது பேர் இறந்தார்கள், அதே நஞ்சு. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: சூடு பண்ணினால் போகாது. சோயா மட்டும் போட்டு, கடையில் வாங்கிய ரைசோபஸ் என்ற பூஞ்சையின் வித்தைக் கலந்து செய்யுங்கள்.

ஸ்டான்போர்டு ஆராய்ச்சி பார்த்தீர்களா?

2021-ல் வந்தது. 36 பேர், பத்து வாரம். ஒரு பிரிவுக்கு நார்ச்சத்து, மற்றொன்றுக்குப் புளித்த உணவு. புளித்ததைத் தின்றவர்களுக்குக் குடல் நுண்ணுயிர்களின் வகை பெருகியது, அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நல்ல ஆய்வு, சின்ன ஆய்வு. ஒரு நாளைக்குச் சுமார் ஆறு பரிமாறல் தின்றார்கள், தயிரும் கெஃபீர் என்ற புளித்த பாலும் அதில் சேர்த்தி. இட்லிக்கு அதைச் சான்றாகக் காட்டாதீர்கள்.

பி12 கிடைக்குமா?

நம்பும் அளவுக்கு இல்லை. சுத்த சைவம் என்றால் பரிசோதனை, மாத்திரை.

இட்லி புரோபயாடிக்கா?

முதல் பதில்.

அப்பாவுக்குக் கீமோ நடக்கிறது, பழைய சோறு கொடுக்கலாமா?

அவருடைய புற்றுநோய் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை கொடுக்காதீர்கள்.

பழைய சோற்றில் இரும்பு எவ்வளவு?

நட்சத்திரம்.

வேலூரிலிருந்து: கூழ் பற்றி யாருமே கேட்கவில்லையே, அம்மா?

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூழ் இரண்டு தடவை புளிக்கிறது, அடுப்புக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. முதல் நாள் இரவு கேழ்வரகு மாவைக் கரைத்து வைக்க வேண்டும். மறுநாள் அரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, புளித்த கரைசலை ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிளற வேண்டும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாத பதம். ஆறியதும் தண்ணீர் விட்டு இன்னொரு இரவு. முதல் புளிப்பு ஃபைடிக் அமிலத்தைக் கவனித்துக்கொள்கிறது, இரண்டாவது புளிப்பின் பாக்டீரியா உயிரோடு உள்ளே போகிறது. காலையில் மோர், உப்பு விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடியுங்கள். இதுவரை பழக்கமில்லாதவர் அரை டம்ளரில் தொடங்குங்கள். முதல் சில நாள் வயிறு கொஞ்சம் உப்பும். இரண்டு வாரத்துக்கு மேலும் உப்பினால் கூழை நிறுத்திவிட்டு குடல் மருத்துவரைப் பாருங்கள், என்னை அல்ல.