கருப்பைத் தசையும் ஆர்கன் பாத்தும்: கேள்வி பதில்

கருப்பைத் தசை எப்படிச் சுருங்குகிறது, அதை ஆய்வுக்கூடத்தில் ஆர்கன் பாத்தில் (தசைத் துண்டை உடல் வெப்பமுள்ள கரைசலில் தொங்கவிட்டு இழுவிசையைக் கோடாகப் பதியும் அறை) எப்படி அளக்கிறோம், பிரசவ மருந்துகள் அந்தத் தசையில் என்ன செய்கின்றன என்பதைப் பற்றி மட்டும் கேளுங்கள். தனிப்பட்ட சிகிச்சைக்கு இங்கே பதில் கிடையாது.

கவின்: மேடம், சிசேரியனில் எடுத்த தசையை ஸ்ட்ரிப்பாக வெட்டி ஆர்கன் பாத்தில் கட்டினால் இரண்டு மணி நேரம் ஆகியும் கோடு நேராகவே போகிறது. எங்கே தப்பு?

தப்பு பெரும்பாலும் கத்தியில்தான். கீழ்ப்பகுதிக் கீறலின் மேல் விளிம்பிலிருந்து வரும் துண்டில் தசையோடு டெசிடுவாவும் (கர்ப்பகால உட்பூச்சு) வெளியுறையும், பழைய தழும்பு இருந்தால் நார்த்திசுவும் ஒட்டியிருக்கும். எல்லாவற்றையும் குளிர்ந்த கிரெப்ஸ் கரைசலில் (உடல் திரவத்தை ஒத்த உப்புக் கரைசல்) வைத்தே நீக்குங்கள். பிறகு நுண்ணோக்கியின் கீழ் தசைக்கட்டு ஓடும் திசையைப் பார்த்து, அதன் நெடுக்கிலேயே வெட்டுங்கள். குறுக்கே வெட்டிய ஸ்ட்ரிப் உயிரோடு இருந்தாலும் இழுவிசை காட்டாது. நீளம் 10 மில்லிமீட்டர், அகலமும் தடிமனும் 2 மில்லிமீட்டர் போதும். அதற்குமேல் தடித்தால் நடுவில் ஆக்சிஜன் எட்டாது.

அடுத்தது வெப்பம். 37 டிகிரி இருக்க வேண்டியது ஸ்ட்ரிப் தொங்கும் அறைக்குள். சுற்றியோடும் நீரின் தொட்டி காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளேயே வெப்பமானியை விட்டுப் பாருங்கள். தொடக்க இழுவிசை 2 கிராம் வையுங்கள். தசை தளர்ந்து அது இறங்கும்போது மறுபடி ஏற்றுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். முதல் சுருக்கம் வர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

இரண்டு மணி நேரம் கழித்தும் அசைவில்லை என்றால் 60 மில்லிமோலார் பொட்டாசியம் கொடுங்கள். சுருங்கினால் தசைக்கு உயிர் இருக்கிறது, தாளம்தான் இல்லை. சுருங்காவிட்டால் அந்த ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம். அறுவை அறையில் திசுவை எடுப்பதற்கு முன் ஆக்ஸிடோசின் (கருப்பையைச் சுருக்கும் ஹார்மோன்) போட்டார்களா என்பதையும் கேட்டுக் குறித்துவையுங்கள். பலர் கோட்டை விடுவது இதில்தான்.

நிலா: எங்கள் கிரெப்ஸ் கரைசல் ஒவ்வொரு தடவையும் பால் மாதிரி கலங்குகிறது.

கால்சியத்தை முன்னாடியே போடுகிறீர்கள். சோடியம் குளோரைடு 118, பொட்டாசியம் குளோரைடு 4.7, மெக்னீசியம் சல்பேட் 1.2, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1.2, சோடியம் பைகார்பனேட் 25, குளுக்கோஸ் 11, எல்லாம் மில்லிமோலார் கணக்கு. இவை கரைந்தபின் 95 சதவீத ஆக்சிஜன், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு கலவையை நன்றாகக் குமிழியிட விடுங்கள். அமிலகார அளவு 7.4க்கு இறங்கிய பிறகு, கடைசியாகக் கால்சியம் குளோரைடு 2.5. வாயு ஓடாத பைகார்பனேட் கரைசல் காரமாகவே இருக்கும். அதில் கால்சியம் விழுந்தால் கார்பனேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் படிந்துவிடும். கலங்கியதை வடிகட்டிப் பயன்படுத்தாதீர்கள், எவ்வளவு கால்சியம் மிஞ்சியது என்று யாருக்கும் தெரியாது.

சுதா: பிரசவ நாள் தள்ளிப்போகிறது. வலி வர வீட்டிலேயே எதாவது சாப்பிடலாமா?

உங்களைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

இளங்கோ: ஒரு மூலிகையின் எத்தனால் சாறு 8 ஸ்ட்ரிப்பிலும் சுருக்கத்தை முழுதாக நிறுத்தியது. குறைப்பிரசவத்துக்கு மருந்து என்று எழுதலாமா?

எட்டு ஸ்ட்ரிப் எத்தனை பெண்களிடமிருந்து? ஒரே பெண் என்றால் உங்கள் எண்ணிக்கை ஒன்றுதான், எட்டு இல்லை.

இரண்டாவது, எத்தனாலே கருப்பைத் தசையை அடக்கும். ஒரு காலத்தில் குறைப்பிரசவத்தைத் தள்ளிப்போட அதையே நரம்பு வழியாக ஏற்றினார்கள். அதே பெண்ணின் பக்கத்து ஸ்ட்ரிப்புக்கு அதே அளவு வெறும் எத்தனாலைக் கொடுத்தீர்களா? எதுவுமே சேர்க்காத இன்னொரு ஸ்ட்ரிப்பை அதே நேரம் ஓடவிட்டீர்களா? மணிக்கணக்கில் தொங்கும் தசை தானாகவே மாறும், அந்த மாற்றத்தை மருந்தின் கணக்கில் எழுதக்கூடாது. மூன்றாவது, நன்றாகக் கழுவிய பிறகு தாளம் திரும்பியதா? திரும்பாவிட்டால் அது தளர்த்தியதா, கொன்றதா என்று சொல்ல முடியாது. செடிச் சாற்றில் சப்போனின் (சோப்பு போல நுரைக்கும் பொருள்) இருந்தால் செல்சவ்வே ஓட்டையாகும். போதாததற்குச் சாற்றில் பொட்டாசியம் நிறைய இருக்கும், அது எதிர்த்திசையில் இழுக்கும். இவ்வளவும் தாண்டி வந்தால் "ஆய்வுக்கூடத்தில் சுருக்கத்தைக் குறைத்தது" என்று எழுதுங்கள், அது போதும்.

முருகு: இதயத்தில் போலக் கருப்பையிலும் ஒரு பேஸ்மேக்கர், குழாய் சேரும் மேல்மூலையில் இருக்கிறது. பாடப்புத்தகத்திலேயே உண்டே?

பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1950களில் உருகுவேயின் மான்டெவிடியோவில் கால்டெய்ரோ-பார்சியாவின் குழு சுருக்கம் மேலே தொடங்கி விநாடிக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வேகத்தில் கீழே பரவுவதாக எழுதியது. அதிலிருந்துதான் இந்தப் படம் வந்தது. ஆனால் இதயத்தில் துடிப்பைத் தொடங்கும் சைனஸ் முடிச்சைப் போல உடற்கூற்றில் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடத்தை மனிதக் கருப்பையில் இதுவரை யாரும் காட்டவில்லை.

முருகு: காட்டவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடுமா?

ஆகாது. ஆனால் கீழ்ப்பகுதியில் வெட்டிய 10 மில்லிமீட்டர் ஸ்ட்ரிப் மூளையும் நரம்பும் மேல்மூலையும் இல்லாமல் தானே துடிக்கிறது. பேஸ்மேக்கர் ஒரே இடத்தில் என்றால் இதை எப்படி விளக்குவீர்கள்? பல இடங்களில் ஒரே நேரத்தில் பதிவு செய்து பார்த்தாலும் சுருக்கம் தொடங்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது.

முருகு: குடலில் இன்டர்ஸ்டிஷியல் செல்கள்தான் தாளம் போடுகின்றன. அவை கருப்பையிலும் உண்டு.

சாயலில் ஒத்த செல்கள் உண்டு. குடலில் அவை மெதுவான மின் அலையை உண்டாக்குகின்றன. கருப்பையில் அவை அதைச் செய்வதாக நிரூபணமில்லை. எலியில் நஞ்சு (பிளசென்டா) ஒட்டிய பகுதியைச் சுற்றித் தனி மண்டலம் இருப்பதாக 2018இல் ஒரு கட்டுரை வந்தது, சுவையான கட்டுரைதான். எலியை எலியென்றே மேற்கோள் காட்டுங்கள்.

யார் தொடங்குகிறார்கள் என்பதைவிட, தொடங்கியது எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதுதான் பிரசவத்தை முடிவுசெய்கிறது. கர்ப்பம் முழுக்கத் தசைச் செல்களுக்கிடையே இடைவெளிச் சந்திப்புகள் (செல்லிலிருந்து செல்லுக்குத் துடிப்பைக் கடத்தும் வழிகள்) மிகக் குறைவு. அதனால் ஒரு மூலையில் கிளம்பிய துடிப்பு அங்கேயே அடங்கிவிடும். பிரசவத்தை ஒட்டி அவை பெருகுகின்றன. 1977இல் கார்ஃபீல்டும் உடனிருந்தவர்களும் எலியில் இதைக் காட்டினார்கள். அவற்றின் முக்கியப் புரதம் கனெக்சின் 43. அது கூடினால் தசை முழுக்க ஒரே உறுப்பாகச் சுருங்கும்.

ரேவதி: மான்டெவிடியோ யூனிட் என்றால் என்ன?

10 நிமிடத்தில் வந்த ஒவ்வொரு சுருக்கத்தின் உச்ச அழுத்தத்திலிருந்தும் அடிநிலை அழுத்தத்தைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள். பாதரச மில்லிமீட்டரில் அடிநிலை 10, உச்சம் 60, நான்கு சுருக்கம் என்றால் 50ஐ நான்கால் பெருக்கி 200. கருப்பைக்குள் வடிகுழாய் வைத்து அளந்தால் மட்டுமே செல்லும். வயிற்றில் கட்டும் பட்டை பாதரச மில்லிமீட்டரைத் தராது.

ஃபாத்திமா: நெடுநேரம் ஆக்ஸிடோசின் ஓடிய பெண்ணுக்குச் சிசேரியனில் கருப்பை இறுக ஏன் மருந்து அதிகம் தேவைப்படுகிறது?

நல்ல கேள்வி. ஆக்ஸிடோசின் ஏற்பி ஜிக்யூ புரதத்தோடு இணைந்தது. அது பாஸ்போலிபேஸ் சியை முடுக்க, ஐபி3 என்ற தூது மூலக்கூறு உருவாகி, செல்லுக்குள்ளேயே சேமித்திருக்கும் கால்சியம் விடுபடும். சவ்விலிருக்கும் எல்-வகைக் கால்வாய் வழியே வெளிக் கால்சியமும் நுழையும். கால்சியம் கால்மோடுலினோடு சேர்ந்து மயோசின் லைட் செயின் கைனேஸ் என்ற நொதியை எழுப்பும், தசை சுருங்கும். மருந்து விடாமல் பட்டுக்கொண்டிருந்தால் ஏற்பி பாஸ்பேட் ஏற்று, அரெஸ்டின் என்ற புரதம் ஒட்டி, செல்லுக்குள் இழுக்கப்படும். வெளியே மருந்து இருக்கும், வாசலில் ஏற்பி இருக்காது. வலி தொடங்காத பெண்களில் 90 சதவீதம் பேருக்குச் சிசேரியனில் போதுமான அளவு சுமார் 0.35 யூனிட். ஆக்ஸிடோசின் ஏற்றியும் பிரசவம் நின்றுபோனவர்களில் அது சுமார் 3 யூனிட். அளவை ஏற்றிக்கொண்டே போவதைவிட வேறு ஏற்பியில் வேலை செய்யும் மருந்துக்கு மாறுவதே பொருள் உள்ளது. உயர் இரத்த அழுத்தம் இல்லாவிட்டால் எர்கோமெட்ரின், ஆஸ்துமா இல்லாவிட்டால் கார்போபிராஸ்ட்.

தமிழ்: எங்கள் ஸ்ட்ரிப்பும் சுருங்கவில்லை மேடம்.

கவினுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அன்பு: செம்மறி ஆட்டில் கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோன் இறங்கித்தான் பிரசவம் தொடங்குகிறது. மனிதரிலும் அதேதானே?

இல்லை. செம்மறியின் வயிற்றிலுள்ள குட்டியின் கார்டிசோல், நஞ்சிலுள்ள ஒரு நொதியைத் தூண்டிப் புரொஜெஸ்டிரோனை ஈஸ்ட்ரஜன் பக்கம் திருப்பிவிடும். மனித நஞ்சில் அந்த நொதி இல்லை. தாயின் இரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் நஞ்சு வெளியேறும்வரை குறைவதில்லை. தசையில் ஏற்பியின் ஏ, பி வடிவங்களின் விகிதம் மாறி, ஹார்மோன் இருந்தும் வேலை செய்யாமல் போகிறது என்பதே இப்போது பலர் ஏற்கும் விளக்கம்.

ஜோதி: மெக்னீசியம் வலியை நிறுத்துமா?

வலிப்பைத் தடுக்கும். 2002இல் 10,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வில் எக்லாம்ப்சியா (கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தோடு வரும் வலிப்பு) பாதிக்கும் கீழே இறங்கியது. பிரசவத்தை நிறுத்துவதில் அது நம்பும்படி தேறவில்லை.

முருகு: எங்களிடம் 20 ஸ்ட்ரிப் பதிவு இருக்கிறது. மேல்மூலை ஸ்ட்ரிப்தான் வேகமாகத் துடிக்கிறது.

எத்தனை பெண்கள்?

முருகு: இரண்டு.

அப்படியானால் இரண்டு.

கவின்: மேடம், பொட்டாசியம் போட்டதும் சுருங்கியது! பாத்தில் நேராக 3 மோலார் கரைசலை ஊற்றி 60க்குக் கொண்டுவந்தோம்.

உயிர் இருக்கிறது, மகிழ்ச்சி. உயிர் பார்க்க அது போதும். ஆனால் அந்த உயரத்தை 100 சதவீதம் என்று வைத்து மற்றதை அளக்காதீர்கள். நேராக ஊற்றினால் கரைசலின் சவ்வூடு அழுத்தமும் கூடிவிடும், சுருக்கத்தில் அதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பொட்டாசியம் கூடிய அளவுக்குச் சோடியம் குளோரைடைக் குறைத்துத் தனிக் கிரெப்ஸ் தயாரித்து, பாத்தைக் காலிசெய்து அதை நிரப்புங்கள். கால்சியம் கடைசியில்.