கிளாஸ்ட்ரல் கேன்யன்: அருவிக்குள் கயிறு பிடித்து இறங்குவது பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

சிட்னிக்கு மேற்கே ப்ளூ மவுண்டன்ஸ் மலையில், மவுண்ட் தோமா பக்கத்தில் தொடங்குகிறது கிளாஸ்ட்ரல் கேன்யன். ஓடை மணற்கல்லை அறுத்து அறுத்து உண்டாக்கிய ஆழமான இடுக்கு அது. 1960களிலிருந்து ஆட்கள் இதில் இறங்கி வருகிறார்கள். இதைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளை ஊர்ப் பெயரோடு கீழே தருகிறேன். சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன், சிலவற்றுக்கு ஒரு வரிதான்.

மெல்பர்ன்: உள்ளே போனால் அப்படி என்னதான் இருக்கிறது, அக்கா?

முதலில் காட்டுக்குள் இறக்கம். ஓடை மெல்ல ஒடுங்கும், இரு பக்கமும் சுவர் எழும்பும், தண்ணீர் முழங்காலில் இருந்து கழுத்துக்கு வரும். பிறகு அடுத்தடுத்து மூன்று அருவிகள், மூன்றிலும் கயிற்றில்தான் இறங்க வேண்டும். மூன்றாவதில் பாறையில் உள்ள ஒரு துளைக்குள் உடம்பை நுழைத்து இறங்க வேண்டியிருக்கும். அந்தப் பகுதிக்கு ‘பிளாக் ஹோல் ஆஃப் கல்கத்தா’ என்று பெயர். நண்பகலிலும் அங்கே வெளிச்சம் மங்கல்தான். அதைத் தாண்டினால் பச்சைப் பாசி படர்ந்த சுவர், மேலிருந்து விழும் ஒளிக்கற்றை, குளிர்ந்த குளங்கள். ரானன், தண்டர் என்று பக்கத்துக் கேன்யன்கள் இரண்டும் இதில் வந்து சேர்கின்றன. கடைசியில் வெளியே வர நீண்ட ஏற்றம். முழு நாள் ஆகும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், இன்னும் பல தடவை சொல்வேன்: முதல் அருவியில் இறங்கிக் கயிற்றை உருவிவிட்டால், வந்த வழியே திரும்ப முடியாது. முடிவு எடுக்க வேண்டிய இடம் அந்த அருவியின் தலைமாடு.

ஹோம்புஷ்: கடற்கரையில் போடும் 2 மில்லிமீட்டர் தடிமன் ரப்பர் உடை, வெட்சூட், இருக்கிறது. கோடைதானே, போதாதா?

போதாது. வெயில் படாத தண்ணீர் நடுக்கோடையான ஜனவரியிலும் பல்லை நடுங்க வைக்கும். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். வெட்சூட் தண்ணீரைத் தடுப்பதில்லை. உள்ளே வரும் கொஞ்சம் தண்ணீரை உடம்போடு ஒட்டி நிறுத்தி வைக்கிறது, அதன் நியோபிரீன் ரப்பருக்குள் இருக்கும் நுண்குமிழிகள் சூட்டை வெளியே விடாமல் காக்கின்றன. தொளதொள என்று இருந்தால் ஒவ்வொரு குளத்திலும் புதுத் தண்ணீர் புகுந்து அந்த வேலை கெட்டுப்போகும். உடம்பைப் பிடிக்கிற மாதிரி, கை கால் முழுக்க மூடிய 5 மில்லிமீட்டர் எடுங்கள். தலைக்கு நியோபிரீன் தொப்பி. உள்ளே பருத்திச் சட்டை வேண்டாம்.

நீந்தும்போது குளிர் அவ்வளவாகத் தெரியாது. காத்திருக்கும்போதுதான் பிடிக்கும். சனி ஞாயிறு என்றால் முன்னால் இரண்டு குழு நிற்கும், ஈரத்தோடு அருவிப் பக்கத்தில் நீண்ட நேரம் நிற்க வேண்டி வரும். விரல் விறைத்தால், கயிற்றோடு இணைக்கும் உலோக வளையமான கராபினரைத் திறக்க முடியாது. நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று நடுங்குவதை நிறுத்தி, பேச்சும் குழறினால் அது நல்ல அறிகுறி அல்ல, ஆபத்து. கூட வருபவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

வெட்சூட்டுக்கு மேல் ஒரு பழைய அரைக்கால் சட்டை போடுங்கள். பாறையில் சறுக்கும்போது பின்பக்கம் கிழியாது.

சிங்கப்பூர்: நீச்சல் தெரியாது. வரலாமா?

கிளாஸ்ட்ரலுக்கு வேண்டாம். கால் எட்டாத குளங்களை முதுகுப் பையோடு கடக்க வேண்டும். பைக்குள் காற்று அடைத்த நீர்புகாப் பை இருந்தால் அது மிதக்கும், பிடித்துக்கொண்டு போகலாம், உண்மைதான். ஆனால் பை கைநழுவினால் என்ன செய்வீர்கள்? முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள்.

தென்காசி: குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வருவதைப் பார்த்திருக்கிறேன். அங்கேயும் அப்படி வருமா?

வரும். நீங்கள் பார்த்ததேதான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் மேலே மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் அருவியாக இறங்கி, 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. அருவிக்கரையில் நிற்பவர்களாவது பக்கவாட்டில் ஓடலாம். கேன்யனுக்குள் பக்கவாட்டு என்பதே கிடையாது, இரண்டு பக்கமும் சுவர். அகல ஓடையில் முழங்கால் அளவு ஏறும் தண்ணீர், ஒரு மீட்டர் இடுக்கில் ஆள் உயரத்துக்கும் மேலே போய்விடும்.

சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் பக்கம் சாக்ஸட்டன்பாக் ஓடையில் 1999 ஜூலை 27 அன்று 21 பேர் இறந்தார்கள். வழிகாட்டிகளோடு போன குழு அது. மேலே இடிமழை, கீழே வெள்ளம். அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில் கீஹோல் கேன்யனில் 2015 செப்டம்பர் 14 அன்று 7 பேர். அது சின்னக் கேன்யன், சீக்கிரம் முடிந்துவிடக்கூடியது. சின்னது என்பதால் வெள்ளம் விட்டுவைக்காது.

உள்ளிருந்து பார்த்தால் ஒரு கீற்று வானம்தான் தெரியும், அது நீலமாகவே இருக்கும். மழை வேறெங்கோ பெய்துகொண்டிருக்கும். ஆகவே வானிலைத் துறையின் முன்னறிவிப்பை முந்தின இரவும் அன்று காலையும் பாருங்கள். இடிமழை வாய்ப்பு என்று இருந்தால் போகாதீர்கள். சிட்னிக் கோடையில் இடி பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், அதனால் விடிகாலையிலேயே தொடங்குங்கள். உள்ளே இருக்கும்போது தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, சத்தம் மாறினாலோ பேச்சே வேண்டாம், உயரமான இடத்துக்கு ஏறுங்கள். கயிற்றை உருவுமுன் இதையெல்லாம் ஒரு தடவை யோசியுங்கள்.

பெங்களூரு: ராமநகராவிலும் பாதாமியிலும் பாறை ஏறுகிறவன் நான். கயிற்றின் நுனியில் முடிச்சுப் போட வேண்டும் என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். நீங்கள் போடக் கூடாது என்று சொல்கிறீர்களாமே. இது ஆபத்தான அறிவுரை இல்லையா?

நல்ல கேள்வி, நேராகவே கேட்டதற்கு நன்றி. காய்ந்த பாறையில் நீங்கள் சொல்வதே சரி. அங்கே ஆபத்து, தெரியாமல் நுனி வரை வந்து கயிற்றை விட்டு வெளியே விழுவது. முடிச்சு அதைத் தடுக்கும்.

அருவியில் ஆபத்து வேறு. கீழே வந்து சேரும்போது தலையில் தண்ணீர் கொட்டுகிறது, கால் எட்டவில்லை, கண் திறக்க முடியவில்லை. அந்த நேரத்தில் கயிற்றிலிருந்து உடனே விடுபட வேண்டும். நுனியில் முடிச்சு இருந்தால் அது டிசெண்டரில், அதாவது இடுப்பில் மாட்டி இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியில், வந்து சிக்கும். கயிறு உங்களை அருவிக்கு அடியிலேயே கட்டிப்போடும். இப்படிக் கயிற்றிலேயே மூழ்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஓடும் தண்ணீரில் முடிச்சு இல்லை. நுனி தண்ணீர் மட்டத்தைத் தொடுகிற அளவுக்கு மட்டும் கயிற்றை விடுவோம். கீழே வந்ததும் நுனி தானாக டிசெண்டரை விட்டுக் கழன்று, நீங்கள் நீந்திப் போய்விடலாம். மிச்சக் கயிற்றைக் குளத்தில் போட்டால் அதுவே காலைச் சுற்றும்.

அதே பெங்களூரு நண்பர்: நீள அளவைத் தப்பாகப் போட்டால்? முதல் ஆள் பாதி உயரத்தில் நுனிக்கு வந்துவிட்டால்?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதனால்தான் ஆங்கரில், அதாவது மேலே கயிறு கட்டும் பிடிமானத்தில், கயிற்றை இறுகக் கட்டிவிடாமல், பாரம் தொங்கும்போதே அவிழ்த்துவிடக்கூடிய விதத்தில் ஒரு டிசெண்டரில் சுற்றிப் பூட்டி வைக்கிறோம். மிச்சக் கயிறு மேலேயே பையில் இருக்கும். முதல் ஆள் இறங்கும்போது மேலே ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். குறைந்தால் விடுவார், கூடினால் இழுப்பார். நடுவில் யாராவது அருவியில் சிக்கி அசைய முடியாமல் போனால், பூட்டைத் திறந்து ஆளோடு சேர்த்தே கீழே இறக்கிவிடலாம். கயிற்றை ஆங்கரில் நடுவாகக் கோத்து இரண்டு இழையிலும் இறங்கும் இரட்டைக் கயிற்றில் இது முடியாது.

கீழே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை, அல்லது இறங்கும் இடம் காய்ந்த திட்டு என்றால், தாராளமாக முடிச்சுப் போடுங்கள். தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்பதுதான் கணக்கு.

டொரன்டோ: குறுக்கே வருகிறேன். குகைக்குள் இறங்கும் நாங்கள் எப்போதும் முடிச்சுப் போடுவோம். குகையிலும் தண்ணீர் உண்டே?

உண்டு, ஆனால் நீங்கள் கயிற்றைத் தண்ணீர் படாத பக்கமாக ஒதுக்கிக் கட்டுவீர்கள். திரும்ப அதே கயிற்றில் ஏறவும் வேண்டும், அதனால் கயிறு அங்கேயே தொங்கும். நாங்கள் கயிற்றை உருவிக்கொண்டு ஓடையோடு சேர்ந்து போகிறோம். இடம் வேறு, பழக்கமும் வேறு.

மறுபடியும் பெங்களூரு: கோடையில் கிளாஸ்ட்ரலில் ஓட்டம் குறைவு என்று படித்தேன். அப்படியானால் இரட்டைக் கயிறே எளிது, தவறும் குறையும். ஒப்புக்கொள்வீர்களா?

பாதி ஒப்புக்கொள்கிறேன். ஓட்டம் குறைந்த நாளில் ப்ளூ மவுண்டன்ஸில் நிறையப் பேர் இரட்டைக் கயிற்றில்தான் இறங்குகிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தண்ணீர் ஏறிய நாளில் ஒரு புது முறையைப் பழக முடியாது. அமைதியான நாளில் கை பழகியிருந்தால்தான் மோசமான நாளில் உதவும். ஒற்றைக் கயிறு முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு: உருவும்போது ஆங்கர் பக்கத்து முடிச்சு பாறை வெடிப்பில் மாட்டலாம். அதனால் கடைசி ஆள் மேலே நிற்கும்போதே கீழே உள்ளவர்கள் ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்தால்தான் கடைசி ஆள் இறங்கலாம். எந்த முறையானாலும் ஆளுக்கு இரண்டு ப்ரூசிக் கயிறு (பெரிய கயிற்றைச் சுற்றிக் கட்டினால் இறுகிப் பிடித்து, திரும்ப ஏற உதவும் சின்னக் கயிறு), ஒரு விசில். அருவிப் பக்கத்தில் குரல் எடுபடாது. எத்தனை ஊதினால் என்ன அர்த்தம் என்று கிளம்புமுன் பேசி வையுங்கள்.

அப்புறம், உங்கள் ஏறும் கயிற்றைக் கொண்டு வராதீர்கள். அது ரப்பர் போல இழுபடும், ஈரத்தில் கனக்கும், விளிம்பில் உரசும். இழுபடாத ஸ்டாட்டிக் கயிறுதான் வேண்டும்.

முடிச்சைப் பற்றி இன்னும் ஆறேழு பேர் இதையே வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். மேலே எழுதியதை மெதுவாகப் படியுங்கள்.

துபாய்: நீச்சல் அரைகுறை. லைஃப் ஜாக்கெட் போட்டால்?

சிங்கப்பூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

கோயம்புத்தூர்: வொலமி பைன் என்ற மரத்தைக் கேன்யனில் இறங்கியவர்தான் கண்டுபிடித்தார் என்பது உண்மையா?

உண்மை, இதைக் கேட்டதற்கு மகிழ்ச்சி! 1994இல் டேவிட் நோபிள் என்ற தேசியப் பூங்கா அலுவலர், வொலமி தேசியப் பூங்காவில் யாரும் போகாத கேன்யன்களைத் தேடிக் கயிற்றில் இறங்கியபோது, முன்பு பார்த்திராத ஒரு மரத்தைக் கண்டு ஒரு கிளையை எடுத்து வந்தார். புதைபடிவங்களில் மட்டுமே தெரிந்த ஒரு குடும்பக் கிளையின் உயிருள்ள மரம் அது. 40 மீட்டர் வரை வளரும். காட்டில் முதிர்ந்த மரங்கள் 100க்கும் குறைவு. இடத்தை இன்றுவரை வெளியில் சொல்வதில்லை. 2019-20 காட்டுத்தீயில் தீயணைப்பு வீரர்கள் ஹெலிகாப்டரில் இறங்கி அந்தத் தோப்பைக் காப்பாற்றினார்கள்.

‘எங்கே என்று உங்களுக்குத் தெரியுமா’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தாலும் சொல்ல மாட்டேன், தயவுசெய்து யாரும் தேடிப் போகாதீர்கள். ஃபைட்டோப்தோரா என்ற வேரழுகல் கிருமி காலணி மண்ணில் ஒட்டியே பரவுகிறது. அந்தத் தோப்பை அழிக்க ஒரு ஜோடி காலணி போதும். மரத்தைப் பார்க்க ஆசையானால் மவுண்ட் தோமா தாவரவியல் பூங்காவில் நட்டு வைத்திருக்கிறார்கள், கிளாஸ்ட்ரல் போகும் சாலையிலேயே இருக்கிறது. எந்தக் கேன்யனுக்குப் போனாலும் முந்தின பயணத்து மண்ணைக் காலணியிலிருந்து கழுவிவிட்டுப் போங்கள்.

நாமக்கல்: கொல்லிமலை ஆகாய கங்கையில் கயிறு கட்டி இறங்கலாமா?

வனத்துறையைக் கேளுங்கள். அனுமதி இல்லாமல் வேண்டாம்.

கொழும்பு: கித்துல்கலையில் கேன்யனிங் கூட்டிப் போகிறார்கள். பழக நல்ல இடமா?

தண்ணீரில் சறுக்கவும் குதிக்கவும் பழக நல்ல இடம், கயிற்று வேலை அதில் பெரும்பாலும் வராது. தென்மேற்குப் பருவமழையில் அங்கே கொட்டித் தீர்க்கும். மழை வந்தால் ரத்து செய்வார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். தயங்கிப் பதில் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

யாழ்ப்பாணம்: அக்கா, வெட்சூட்டுக்குள்ள மாதவிடாய் நாளில் சமாளிக்கலாமா? கேட்கக் கூச்சமாக் கிடக்கு.

கூச்சப்பட ஒன்றுமில்லை. மாதவிடாய்க் குப்பியோ டாம்பனோ சரிவரும், நாப்கின் ஊறிவிடும். முதல் தடவையாகக் குப்பியை அன்றைக்குப் போடாதீங்கோ, வீட்டில் இரண்டு மாதம் பழகுங்கோ. டாம்பனை மாற்றினால் குப்பையை ஜிப் பையில் போட்டு வெளியே கொண்டு வர வேண்டும். சிறுநீருக்கு, கேன்யனுக்குள் நுழையுமுன் ஓடையை விட்டுத் தள்ளி ஒதுங்கிவிட்டு, பிறகு வெட்சூட் போடுங்கோ. கயிற்றில் தொங்க இடுப்பில் கட்டும் ஹார்னஸ் மாட்டின பிறகு கழற்றுவது பெரும்பாடு.

பெர்த்: குளத்தில் மேலேயிருந்து குதிக்கலாமா? படங்களில் குதிக்கிறார்களே.

ஆழம் பார்க்காமல் கூடாது. போன மாதம் ஆழமாக இருந்த குளத்தில் இந்த மாதம் மணல் நிறைந்திருக்கும், அல்லது வெள்ளத்தில் வந்த மரம் தண்ணீருக்கடியில் கிடக்கும். முதல் ஆள் கயிற்றில் இறங்கிக் காலால் துழாவிப் பார்க்கட்டும். கணுக்கால் முறிந்தால் மீட்க வர ஒரு நாள் ஆகலாம்.

கான்பெர்ரா: கைபேசி எடுக்குமா?

எடுக்காது. அவசரச் செய்தி அனுப்பும் பிஎல்பி கருவியை ப்ளூ மவுண்டன்ஸ் பயணிகளுக்கு இலவசமாகவே கடன் தருகிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கும் திறந்த வானம் வேண்டும், இடுக்குக்குள் சரியாக வேலை செய்யாது. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணி தாண்டினால் ஆஸ்திரேலிய அவசர எண் 000 அழைக்க வேண்டும் என்று வெளியே ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஆளுக்கு ஒரு தலைவிளக்கு, இருட்டுமுன் திரும்பும் எண்ணம் இருந்தாலும்.

லண்டன்: நீச்சல்...

இல்லை.

டூங்காபி: அக்கா, எனக்கு நீச்சல் தெரியும், கயிறு தெரியாது. இந்தக் கோடையில் கிளாஸ்ட்ரல் போக எதிலிருந்து தொடங்கட்டும்?

மவுண்ட் வில்சனிலிருந்து வொலங்காம்பி போங்கள். அங்கே கயிறே வேண்டாம், காற்று மெத்தையில் மிதந்து போகலாம். குளிரும் இடுக்கும் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து காய்ந்த பாறையில் கயிறு இறக்கம், ப்ரூசிக்கில் திரும்ப ஏறுவது, இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்குப் பழகுங்கள். பிறகு வென்ட்வொர்த் ஃபால்ஸில் எம்ப்ரஸ் கேன்யன். கடைசி அருவி ஏறத்தாழ 30 மீட்டர், தண்ணீர் மேலே விழ இறங்குவது எப்படி என்று அங்கே புரியும். இதெல்லாம் முடிய ஒரு கோடை ஆகும். கிளாஸ்ட்ரலை அடுத்த கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதை திறந்திருக்கிறதா என்று தேசியப் பூங்காத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே அதில் இறங்கிய ஒருவரோடு, வார நாளில் போங்கள்.