பெரம்பூரில் ஃப்ளாட் வாங்கலாமா? வட சென்னை என்பதால் வீட்டில் தயங்குகிறார்கள். நெடுநாளாகக் குடியிருப்பவர்கள் சொல்லுங்கள், ஏரியா இப்போது மாறிவிட்டதா?

மாறிவிட்டது. ஆனால் "முன்னால் மோசம், இப்போது தேறிவிட்டதா?" என்ற அர்த்தத்தில்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கில் எனக்கு உடன்பாடு இல்லை. அதனால்தான் வேலை மெனக்கெட்டு எழுதுகிறேன்.

நீங்கள் அநேகமாக வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் வாடகைக்கு இருப்பீர்கள். அங்கே விலை கட்டுப்படியாகவில்லை. புரோக்கர் ஒருவர் பெரம்பூரில் இரண்டு பெட்ரூம் காட்டியிருப்பார். உங்களுக்குப் பிடித்திருக்கும், பெரியவர்கள் யாரோ "அங்கேயா?" என்று முகம் சுளித்திருப்பார்கள். நான் நினைப்பது தப்பாக இருந்தால் மன்னிக்கவும். பேப்பர் மில்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் பிறந்து, வளர்ந்து, ரிட்டையர் ஆகி, இன்றைக்கும் அங்கேயே இருப்பவன் நான். என்னிடம் விற்க ஃப்ளாட்டும் இல்லை, எனக்குக் கமிஷனும் இல்லை. இதை இப்போதே சொல்லிவைக்காவிட்டால் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

எங்கள் நைனா ஐ.சி.எஃப்.பில் ஷெல் பிரிவு. 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு வந்து திறந்துவைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை அது. சுவிஸ்காரர்களின் டிசைனை வாங்கித்தான் பெட்டி கட்ட ஆரம்பித்தார்கள். நைனா அதற்குச் சில வருஷம் கழித்துச் சேர்ந்தார். ஷெல் என்றால் பெட்டியின் வெறும் கூடு. நாள் முழுக்கத் தகடு வளைக்கிற சத்தமும் சுத்தியல் சத்தமுமாக இருக்கும். அதனால் அங்கே வேலை பார்த்த பலருக்குக் காது கொஞ்சம் மந்தம், நைனாவுக்கும்தான். வீட்டில் அவரிடம் உப்பு கேட்டால்கூடக் கத்தித்தான் கேட்க வேண்டும். எதிர் போர்ஷன்காரர் லோகோ ஒர்க்ஸ், அதாவது ரயில் இன்ஜின் பட்டறை, அவருக்கும் அதே கதை. அவர்கள் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து கிரிக்கெட் பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும். என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், கூவத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள், வாசலில் ஏதோ அடிதடி என்று நினைத்து ஆட்டோவை விட்டு இறங்கவே யோசித்தார்கள். உள்ளே வந்த பிறகும் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்கெல்லாம் ராத்திரியிலே பொம்பளைங்க வெளியே போகலாமா?" என்று அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா, "எங்க வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட்டுன்னா ராத்திரி பத்து மணிக்கு நான்தான் போய் மாவு அரைச்சிக்கினு வருவேன்" என்றார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. நல்லதாகப் போயிற்று, அக்காவுக்கு அதைவிட நல்ல இடம் அமைந்தது.

அந்த நாளில் ஒரே வீட்டுக்குள் இருந்த போர்ஷன்களை எண்ணிப் பார்த்தாலே பெரம்பூர் என்னவென்று தெரிந்துவிடும். ஒருத்தர் ஐ.சி.எஃப்., ஒருத்தர் லோகோ, ஒருத்தர் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கிற கேரேஜ் ஒர்க்ஸ், ஒருத்தர் செம்பியம் சிம்சன் கம்பெனி, பின்கட்டில் ஒருத்தர் பி அண்ட் சி மில், அதாவது பின்னி மில். எல்லோருக்கும் முதல் வாரம் சம்பளம், எல்லோருக்கும் பி.எஃப். உண்டு. கடைக்காரர் நோட்டுப் போட்டுக் கடன் கொடுப்பார், தேதி தவறாமல் அடைப்பார்கள். மில்லின் சங்கு ஊதினால் யார் வீட்டிலும் கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. ஷிஃப்ட் விடுகிற நேரம் பெரம்பூர் பாரக்ஸ் ரோட்டில் சைக்கிள்கள் போகிற வரிசை முடியவே முடியாது.

அந்த மில்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுகிற சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் இங்கேதான் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர், செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் ஓடியாடி வேலை செய்தவர்கள். 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டு புளியந்தோப்புக் கலவரம் வரை போனது. அது பெருமைப்படுகிற கதையும் இல்லை, தொழிலாளிகளே சாதி வாரியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஊரைப் புகழ்ந்து மட்டும் தள்ளுகிறான் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

1996இல் மில்லை மூடினார்கள். அதற்குப் பிறகு அந்த இடிந்த ஷெட்டுகள் எதற்குப் பயன்பட்டன தெரியுமா? சினிமா ஷூட்டிங்குக்கு. ஹீரோ ஐம்பது ரவுடிகளைப் பிரித்து மேய்கிற கிளைமாக்ஸ் சண்டைகளில் பாழடைந்த ஆலை ஒன்று வருமே, அதில் எத்தனையோ எங்கள் பின்னி மில்தான். சங்கம் பிறந்த இடத்தில் டிரம்மைக் கவிழ்த்து, புகையைப் போட்டு, "வட சென்னை" என்று தமிழ்நாடு முழுக்கக் காட்டினார்கள். பின்கட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை அப்படிப் படம் டிவியில் வந்தால் சண்டையைப் பார்க்க மாட்டார், பின்னால் தெரிகிற தூணைப் பார்த்து "இது ஸ்பின்னிங், இது வீவிங்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

ரவுடிகளே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள், இருக்கிறார்கள். 2024 ஜூலையில் செம்பியம் எல்லையில் ஒரு கட்சியின் மாநிலத் தலைவரையே வெட்டிக் கொன்றார்கள், நாடே பேசியது. நானும் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் தெற்கில் ஒரு கொலை நடந்தால் அது கொலை. இங்கே நடந்தால் அது ஏரியாவின் குணம். என் கோபமெல்லாம் இதில்தான்.

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை, எங்கள் பாக்கெட்டில் கை வைக்கிற விஷயம். நிரந்தர வேலை, ஒழுங்கான சம்பளம் எல்லாம் இருந்தும் ஒரு தனியார் வங்கி எனக்குக் கிரெடிட் கார்டு தர மறுத்தது. காரணம் கேட்டேன். அந்தப் பையன் நல்லவன், குரலைத் தாழ்த்தி, "சார், உங்க பின்கோடு நெகடிவ் லிஸ்ட்ல இருக்கு" என்றான். அதே வருஷம் தெற்கே இருக்கிற என் மச்சானுக்கு, பாதி வருஷம் வேலை இல்லாமல் இருந்தவருக்கு, வீடு தேடி வந்து கார்டு கொடுத்தார்கள். வாங்கிய கடனை அவர் கட்டினாரா என்பது வேறு கதை, அதை இங்கே எழுதினால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது.

சரி, மாற்றம். பக்கத்துத் தெருவில் வரிசையாக ஆங்கிலோ இந்தியன் குடும்பங்கள் இருந்தன. கிறிஸ்துமஸுக்குக் குல்குல் வரும், நாங்கள் பதிலுக்குத் தீபாவளி முறுக்கு அனுப்புவோம். ஒவ்வொரு குடும்பமாக ஆஸ்திரேலியா போய்விட்டது. ஓடு வேய்ந்த, முன்னால் மர ஜாலி வைத்த அந்த வீடுகள் இருந்த இடத்தில் இப்போது கீழே கார் பார்க்கிங், மேலே நாலு மாடி. இடிக்கும்போது முதலில் ஜன்னலையும் கதவையும் கழற்றி வேனில் ஏற்றிவிடுவார்கள், தேக்குக்கு நல்ல விலை. சுவர் மட்டும் ஓட்டை ஓட்டையாக இரண்டு நாள் நிற்கும்.

1985இல் ரஜினி வந்து திறந்துவைத்த பிருந்தா தியேட்டர் 2025இல் மூடப்பட்டது. மில் நிலத்தில் வானளாவ அடுக்குமாடிகள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகிற மெட்ரோவுக்குப் பெரம்பூருக்கு அடியில் சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள், அதனால் சில வருஷமாக எந்த ரோடு எப்போது ஒருவழி என்று எனக்கே தெரிவதில்லை. ஐ.சி.எஃப்.பில் நைனா காலத்து மாடல் பெட்டி 2018 ஜனவரியோடு நின்றது. அதே வருஷம் வந்தே பாரத்தின் முதல் ரயில் அங்கிருந்துதான் வெளியே வந்தது. டெல்லியில் கொடியசைத்தால் நம் ஆட்களுக்கு அது டெல்லி ரயில் ஆகிவிடுகிறது. 1975இலேயே டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் ஆபரேஷனைச் செய்தது இங்கே உள்ள ரயில்வே ஆஸ்பத்திரியில்தான். அதுவும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்காது.

என்னைக் கேட்டால் பெரிய மாற்றம் கட்டடம் இல்லை. முன்பெல்லாம் இங்கே குடியிருந்தவன் இங்கேயே வேலை பார்த்தான். இப்போது காலையில் எல்லோரும் வெளியே போய்விடுகிறார்கள், ராத்திரி தூங்க வருகிறார்கள். பகலில் தெருவில் என்னைப் போன்ற கிழங்களும் டெலிவரி பையன்களும்தான். போன மாதம் புது அடுக்குமாடி ஒன்றில் ஒரு நண்பரைப் பார்க்கப் போனேன். லிஃப்ட் பக்கத்தில் லேமினேட் செய்த அறிவிப்பு: வீட்டு வேலை செய்பவர்கள் சர்வீஸ் லிஃப்டை மட்டும் பயன்படுத்தவும். அந்த லிஃப்டுக்காக எங்கள் தெருப் பெண் ஒருத்தி காத்திருந்தாள், அவள் தாத்தா மில்லில் ஜாபராக, அதாவது மேஸ்திரியாக இருந்தவர். "என்ன அங்கிள், இந்தப் பக்கம்?" என்றாள். நானும் அவளோடே சர்வீஸ் லிஃப்டில் ஏறினேன். வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்த்தார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாங்குவதென்றால் வாங்குங்கள். சென்ட்ரல் நாலு ஸ்டேஷன் தூரத்துக்குள், நல்ல பள்ளிகள் உண்டு, காய்கறி மலிவு. ஆனால் வெயில் காலத்தில் வந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நவம்பரில் இரண்டு நாள் அடைமழை பெய்த பிறகு வாருங்கள். ஓட்டேரி நல்லா கால்வாயை ஒட்டிய தெருக்கள், ஜமாலியா பக்கம், தண்ணீர் எங்கே நிற்கிறது, எத்தனை நாளில் வடிகிறது என்று இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்க வேண்டாம். கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கினால் வியாசர்பாடி பக்கம் போக எப்படிச் சுற்ற வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள், பழைய வீடுகளில் பங்காளிகள் அதிகம்.

இன்னொன்று. விளம்பரத்தில் "சென்ட்ரல் சென்னைக்கு மிக அருகில்" என்று போட்டு, பெரம்பூர் என்ற பெயரை மூலையில் சின்ன எழுத்தில் வைத்திருக்கிற பில்டரிடம் மட்டும் வாங்காதீர்கள். ஊர் பெயரைச் சொல்லவே கூச்சப்படுகிறவன் சிமென்ட் கணக்கில் எப்படி இருப்பானோ, எனக்கு நம்பிக்கை இல்லை.