நோகவில்லை என்பது நல்ல செய்தியல்ல

கேள்வி: கிளிநொச்சிப் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். இங்கே பாதிப்பேருக்குச் சலரோகம். போன கிழமை ஒரு அப்புவின் அடிப்பாதத்தில் முள் ஏறிச் சீழ் பிடித்திருந்தது. அவரோ நோகவே இல்லை என்கிறார். மற்றவர்களுக்கு இப்படி வராமல் என்ன செய்யலாம்? பின்னேரம் உப்புப் போட்ட சுடுதண்ணீரில் எல்லோருக்கும் கால் ஊற வைக்கிறோம்.

பதில்: அப்புவை இன்னும் வைத்தியசாலையில் காட்டவில்லை என்றால் இன்றைக்கே காட்டுங்கள். கிளினிக் திகதி வரும்வரை பார்த்திருக்க வேண்டாம்.

அடுத்தது, அந்தச் சுடுதண்ணீரை நிறுத்துங்கள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் பல வருடச் சலரோகத்தில் கால் நரம்பு மரத்துப்போகும். தண்ணீர் சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது, கொப்புளம் போட்ட பிறகுதான் நீங்கள் காண்பீர்கள். ஊறிய தோலும் லேசில் வெடிக்கும். சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் ஒற்றி எடுத்தால் போதும். வெடித்த குதிக்காலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம்.

யாருக்கு மரத்திருக்கிறது என்று அறிய ஒரு கருவியும் தேவையில்லை. கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரலை அவரின் காலில் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளில் ஒவ்வொன்றாக, ஒன்றிரண்டு விநாடி மெல்ல வையுங்கள். அழுத்தக்கூடாது, தடவக்கூடாது. இரண்டு காலுக்குமாக 6 இடம். தொட்டது இரண்டு இடத்திலோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் அவர் பெயரைக் குறித்து, அடுத்த கிளினிக்கில் சொல்லிப் பாதத்தைப் பரிசோதிக்கக் கேளுங்கள். அவரிடம் இனி "நோகுதா?" என்று கேட்டுப் பயனில்லை. தினமும் நீங்களே பார்க்க வேண்டும்: அடிப்பாதம், குதி, விரலிடுக்கு. குளித்து முடிந்த கையோடு பார்ப்பது சுகம்.

செருப்பு விஷயத்தில்தான் சண்டை வரும். வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய்ப் பழகிய சனம் நாங்கள். உள்ளே போட வேறொரு சோடி வாங்கி வையுங்கள், ஆச்சிமார் மறுக்கமாட்டார்கள். போட முன் ஒவ்வொரு தடவையும் உள்ளே கை விட்டுத் தடவிப் பாருங்கள்: கல், முள், ஆணி, சில வேளை தேளும் இருக்கும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் வைகாசி வெயிலில் சுடுமணலில் வெறுங்காலோடு நடக்கவிடாதீர்கள். அம்மன் கோபிக்கமாட்டா.

நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்ட வேண்டாம். கால் ஆணியில் பிளேட் வைப்பதும், கடையில் விற்கும் ஆணி மருந்து ஒட்டுவதும் கூடவே கூடாது.

போரில் ஒரு காலை இழந்தவர்கள் உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். முழுப் பாரமும் மிஞ்சிய காலில்தான் இறங்குகிறது. அவர்களை முதலில் பாருங்கள், பொய்க்கால் உரசும் இடத்தையும் சேர்த்து.

புண், கறுப்பு, மணம், காய்ச்சல் என்றால் அன்றே வைத்தியசாலை. புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலும் அப்படித்தான். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம், அதுவும் நோகாமலே நடக்கும். வாகனம் வரும்வரை அந்தக் காலை நிலத்தில் ஊன்ற விடாதீர்கள்.