நாற்காலித் துணிக்கு ஓர் இடம்

கேள்வி: எங்கள் படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு நாற்காலி. நானும் கணவரும் நான்கு வயது மகளும் அதில்தான் படுக்கிறோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவில் இருப்பதையெல்லாம் கட்டிலில் கொட்டி அடுக்க ஆரம்பிப்பேன். பாதி முடிவதற்குள் இரவாகிவிடும். மிச்சத்தை அப்படியே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவேன். பதினைந்தே நாளில் பழைய குருடி கதவைத் திறடி. இன்னொரு பீரோ வாங்கலாமா, பிளாஸ்டிக் பெட்டிகளே போதுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். நீங்கள் சோம்பேறி இல்லை. மாதம் ஒரு நாள் முழுக்க உழைக்கிறீர்கள். பீரோவில்தான் கோளாறு என்று நினைக்கிறீர்கள், ஆனால் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வந்துபோகும் அந்த நாற்காலியில்தான் எல்லாம் தொடங்குகிறது.

அதில் கிடப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். மேலே, நேற்று இரண்டு மணி நேரம் மட்டும் போட்ட சட்டை. அதன் கீழே இன்னொரு முறை போடலாம் என்று கழற்றி வைத்த பேண்ட். அடியில், துவைத்துக் காய்ந்தும் மடிக்காத துண்டு. சட்டையும் பேண்ட்டும் அழுக்குக் கூடைக்கும் போக முடியாது, மடித்த துணியோடு பீரோவிலும் வைக்க மனம் வராது. இந்த நடுத்தரத் துணிக்கு வீட்டில் இடமே கிடையாது, அதனால் நாற்காலிக்கு வருகிறது. ஒன்று வந்தால் அதன்மேல் பத்து வரும். பீரோவை எத்தனை முறை அடுக்கினாலும் இது தீராது.

ஆகவே முதல் வேலை, கதவின் பின்புறம் கொக்கிகள். பெரியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு, மகளுக்கு அவள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒன்று. உள்ளே கூடாக இருக்கும் கதவில் சாதாரண ஸ்க்ரூ பிடிக்காது, சில நாளில் பிடுங்கிக்கொண்டு வரும். அதற்குக் கதவின் மேல் விளிம்பில் மாட்டும் கொக்கிப் பட்டை நல்லது. வாங்குமுன் கதவின் தடிமனையும், சாத்தியபின் மேலே நிலைக்கும் கதவுக்கும் இடையே உள்ள இடைவெளியையும் பாருங்கள். பட்டைத் தகடு நுழைய அங்கே இடம் இல்லையென்றால் கதவு சாத்தாது. ஒரு கொக்கியில் இரண்டு துணிக்கு மேல் மாட்டக் கூடாது. மூன்றாவது வந்தால் முதலாவது கூடைக்குப் போக வேண்டும். வியர்வை பட்டதைக் கொக்கியில் மாட்டாதீர்கள். நாற்காலியை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

இனி பீரோ. மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டுவதை விட்டுவிடுங்கள். வெளியே இழுத்துப் போட அரை மணி நேரம் போதும், ஒவ்வொன்றையும் வைப்பதா விடுவதா என்று முடிவெடுக்கத்தான் நேரமும் தெம்பும் கரைகிறது. நூறு துணிக்கு மேல் ஒரே மூச்சில் முடிவெடுத்தால் கடைசியில் எல்லாமே “இருக்கட்டும்” ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு தட்டு, நாற்பது நிமிடம். முப்பதாவது நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். கடைசிப் பத்து நிமிடம் திருப்பி வைக்கவும் குப்பையை வெளியேற்றவும் மட்டுமே. கட்டிலில் பரப்புவது பாதிக் கட்டிலைத் தாண்டக் கூடாது. மறு பாதி படுக்க.

பிரிக்கும்போது “எப்போதாவது உதவுமா?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எப்போதும் “ஆமாம்” என்றுதான் பதில் வரும். “போன 12 மாதத்தில் போட்டேனா? நாளைக்கு வெளியே போக இதை எடுப்பேனா?” என்று கேளுங்கள். பொத்தான் போனது, தையல் விட்டது எல்லாம் ஒரு பையில்; ஒரு வாரத்துக்குள் தைக்காவிட்டால் தைக்கப் போவதில்லை. மகளுக்குச் சிறிதாகிப்போனவற்றை முதலில் எடுங்கள், அதில்தான் சட்டென்று இடம் கிடைக்கும். கொடுக்க வேண்டியவை அன்றே அறையைவிட்டு வெளியேறட்டும். கட்டிலுக்கடியில் வைத்த பை ஒரு மாதத்தில் மறுபடி பீரோவுக்குள் வந்துவிடும். முடிவெடுக்க முடியாதவற்றுக்கு ஒரே ஓர் அட்டைப்பெட்டி, மேலே தேதி எழுதி. 6 மாதம் திறக்கவில்லையென்றால் உள்ளே இருப்பவை உங்களுக்குத் தேவைப்படவில்லை. கணவருடைய துணியை அவரேதான் பார்க்க வேண்டும். அவரைக் கேட்காமல் ஒன்றை எடுத்துக் கொடுத்தாலும் அடுத்த முறை எதையும் விட மாட்டார்.

அடுக்கி வைத்தது ஏன் சரிகிறது? ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு சாணுக்கு மேல் அடுக்கினால், அடியில் இருப்பதை உருவும்போது மொத்தமும் சாயும். சட்டைகளைப் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். இரு பக்கமும் கைகளோடு உள்ளே மடித்து நீளப் பட்டையாக்கி, அதை மூன்றாக மடித்து மெத்தைமேல் நிறுத்திப் பாருங்கள். தானே நின்றால் மடிப்பு சரி, தொய்ந்தால் இன்னும் ஒரு மடிப்பு. இதில் எல்லாச் சட்டையும் ஒரே பார்வையில் தெரியும், ஒன்றை எடுத்தால் மற்றவை கலையாது. ஆனால் திறந்த தட்டில் இப்படி நிறுத்தினால் முன்னால் சரியும். அதைத் தாங்கத்தான் பெட்டி. முதலில் வீட்டிலுள்ள காலணி அட்டைப்பெட்டியில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு அளவெடுங்கள். தட்டின் அகலம், ஆழம் இரண்டிலும் 2 செ.மீ. குறைவாக, மேலே கை நுழைய 5 செ.மீ. விட்டு. அளக்காமல் முன்கூட்டியே வாங்கும் பெட்டி பீரோக் கதவை மூட விடாது. தட்டின் பின்வரிசை கண்ணுக்குத் தெரியாத இடம். அங்கே குளிர்காலத் துணி, விருந்தினர் போர்வை.

அயர்ன் செய்த துணியைச் சூடு ஆறாமல் உள்ளே வைத்தால் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், குறிப்பாக மழைநீர் படும் வெளிச்சுவரில். அந்துருண்டை உங்கள் அறையில் வேண்டவே வேண்டாம். மிட்டாய் என்று குழந்தை வாயில் போட்டுவிடும், விழுங்கினால் நஞ்சு.

இதையும் இன்றே பாருங்கள்: கனமானவை கீழ்த்தட்டில் இருக்கிறதா, பீரோ ஆடாமல் நிற்கிறதா? நான்கு வயதுக் குழந்தை தட்டைப் படியாக்கி ஏறும். கதவு திறந்திருக்கும்போது எடை முன்னால் சாய்ந்து பீரோ கவிழ்ந்துவிடும். மேலே ‘எல்’ பட்டை வைத்துச் சுவரோடு இறுக்கிவிடுங்கள். சுவரிலிருந்து விட்ட இடைவெளிக்கு ஏற்ற நீளத்தில் பட்டை கிடைக்கும்.

தட்டுகள் எல்லாம் முடிந்ததும் ஹேங்கரில் தொங்குபவற்றின் கொக்கியைப் பின்புறமாகத் திருப்பி மாட்டுங்கள். போட்டுத் துவைத்து வந்ததை மட்டும் நேராக மாட்டிக்கொண்டே வாருங்கள். 6 மாதம் கழித்து இன்னும் திரும்பியே கிடப்பவற்றை எடுத்தபிறகும் பீரோ நிறைந்திருந்தால், அப்போது இரண்டாவது பீரோவுக்குச் சுவரை அளந்து எழுதுங்கள்.