ஸ்ட்ராப் சுற்றியும் பார் ஏன் வழுக்குகிறது?

கேள்வி: டெட்லிஃப்டில் (எடை மாட்டிய இரும்புக் கம்பியான பாரைத் தரையிலிருந்து தூக்கும் பயிற்சி) 100 கிலோவைத் தொட்டதும், முதுகும் காலும் களைப்பதற்கு முன்பே விரல்கள் விரிந்துவிடுகின்றன. மணிக்கட்டில் மாட்டிப் பாரில் சுற்றும் பட்டையான ஸ்ட்ராப் வாங்கினேன், இரண்டு சுற்று சுற்றியும் பார் வழுக்குகிறது. ஸ்ட்ராப் பழகினால் கைப்பிடி பலமே போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: வழுக்குவதற்குப் பெரும்பாலும் சுற்றும் திசைதான் காரணம். விரல்கள் வளையும் அதே பக்கமாக ஸ்ட்ராப்பையும் சுற்றினால், விரல் விரியும்போது அதுவும் சேர்ந்து பிரிந்துவிடும். இரண்டும் எதிரெதிராகப் போக வேண்டும்.

வளையத்தில் கையை நுழைத்ததும், வால் பகுதி (ஸ்ட்ராப்பின் மறுமுனை) உள்ளங்கையின் குறுக்கே வந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தொங்குகிறதா என்று பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் தொங்கினால் இடது வலது மாறிவிட்டது. வளையம் உள்ளங்கை முடியும் இடத்தை ஒட்டி இருக்கட்டும். மணிக்கட்டு எலும்பின் மேல் ஏறினால் வலிக்கும். நரம்பு அழுந்திக் கட்டைவிரல் மரத்தும் போகலாம்.

இனி வாலை உங்கள் பக்கத்திலிருந்து பாருக்கு அடியில் செலுத்தி, அந்தப் பக்கம் மேலே எடுத்து, உங்களை நோக்கிக் கொண்டுவாருங்கள். ஒன்றரை அல்லது இரண்டு சுற்று போதும். சுற்றுகள் பக்கத்தில் பக்கமாகப் படிய வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பார் தடித்து, பிடிப்பதே சிரமமாகும். மேலே கையை வைத்து இறுகப் பிடித்து, பாரை உங்கள் பக்கமாகச் சற்று உருட்டுங்கள். இந்த உருட்டலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால், எடை ஏறியதும் மிச்சத் தளர்வு முழுவதும் இழுபட்டு, பார் விரல் நுனிக்கு இறங்கிவிடும்.

கைப்பிடி பற்றிய பயம் பாதி சரி. வார்ம் அப் முதல் எல்லா செட்டுக்கும் ஸ்ட்ராப் போட்டால் முன்கைக்கு வேலையே இல்லை. ஆகவே கை தாங்கும்வரை வெறும் கையால் தூக்குங்கள். மெக்னீசியம் கார்பனேட் பொடி தடவிக்கொள்ளலாம். கை முதலில் தோற்கிற கனமான செட்டுகளுக்கு மட்டும் ஸ்ட்ராப். ரொமேனியன் டெட்லிஃப்ட், பார்பெல் ரோ, ஷ்ரக் ஆகிய பயிற்சிகளுக்கும் இதே கணக்கு. ஒரு கையை மேலாகவும் மறு கையை உள்ளங்கை முன்னே தெரியும்படியும் பிடித்தும் பலர் தூக்குகிறார்கள். அதில் முன்னே திரும்பிய கையின் பைசெப்ஸ் தசைநாண் கிழியும் அபாயம் உண்டு. அதனால் பயிற்சியில் ஸ்ட்ராப்தான் மேல் என்பது எங்கள் கருத்து. பவர்லிஃப்டிங் போட்டியில் ஸ்ட்ராப்புக்கு இடமில்லை; போட்டிக்குப் போகிறவர்கள் வெறும் கையில் தூக்கியே பழக வேண்டும்.

கைக்குத் தனியாக, வாரம் இருமுறை கம்பியில் 30 விநாடி வீதம் மூன்று முறை தொங்குங்கள்.

பாரைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தோளுக்கு ஏற்றும் கிளீன் பயிற்சி செய்யும்போது மட்டும் ஸ்ட்ராப் வேண்டவே வேண்டாம். பாரைத் தோளில் வாங்கும் நொடியில் கை கட்டுண்டு கிடந்தால், நழுவும் பாரை விட்டு விலக முடியாது. மணிக்கட்டும் முழங்கையும் முறியக்கூடும். தையல் பிரிந்த ஸ்ட்ராப்பையும் உடனே மாற்றிவிடுங்கள். அது அறுவது எடை காற்றில் இருக்கும்போதுதான்.